ஊர்விட்டு ஊர் போய்த்தான் தோரா படிக்க வேண்டுமா?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் ஊரில் வருஷாவருஷம் ஒரு வேடிக்கை நடக்கும். லேக்வுட்டிலேயே பிறந்து வளர்ந்த 14 வயதுப் பையன்கள் பெட்டி படுக்கையோடு ஃபிலடெல்ஃபியாவுக்கும் பால்டிமோருக்கும் ஸ்கிராண்டனுக்கும் கிளம்புவார்கள். அதே வாரம் பால்டிமோரிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் அதே வயதுப் பையன்கள் இங்கே வந்து இறங்குவார்கள். அவன் கையிலும் கறுப்புத் தொப்பி வைத்த பெட்டி, இவன் கையிலும் கறுப்புத் தொப்பி வைத்த பெட்டி. அவன் படிக்கப் போவதும் தல்மூத் என்கிற யூதச் சட்ட நூல், இவன் படிக்க வந்திருப்பதும் அதே தல்மூத். அப்படியானால் அவனவன் வீட்டிலிருந்தே படித்தால் என்ன என்று யாராவது கேட்டால், இந்த ஊரில் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களும் ரொம்ப நாளாகப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து லேக்வுட்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆசார யூதர்கள், முதலாளியும் அப்படியே. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கடை அடைத்தாக வேண்டும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பதால், மதியம் தாண்டி யாராவது அவசரமில்லாத மருந்துக்கு வந்தால் முதலாளி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சனிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் இருமல் மருந்து கலந்து கொடுத்த குழந்தைகள் இப்போது தாடியும் மீசையுமாகத் தங்கள் குழந்தைகளுக்கு இருமல் மருந்து வாங்க வருகிறார்கள். நான் வெளியாள்தான். ஆனாலும் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒரு ஊரின் வீட்டு நடப்பு கொஞ்சம் தெரிந்துவிடும்.

யெஷிவா என்பது தல்மூத் படிக்கிற இடம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். பையனுக்கு 13 வயது ஆனதும் மதச் சட்டப்படி அவன் பெரியவன். எட்டாம் வகுப்பு முடிந்த கையோடு மெசிவ்தா என்கிற உயர்நிலை யெஷிவாவில் சேர்கிறான். காலை ஏழரை வாக்கில் தொழுகை. அப்புறம் ஹவ்ரூஸா எனப்படும் படிப்புக் கூட்டாளியோடு எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பக்கத்தை வரி வரியாகச் சத்தம் போட்டுத் தர்க்கம் செய்து படிப்பான். பிறகு ரப்பி எனப்படும் ஆசிரியரின் பாடம். மதியத்துக்கு மேல் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம். சில இடங்களில் அதுவும் கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி தல்மூத். கடைசித் தொழுகை முடியும்போது மணி ஒன்பதரை, பத்து. ஒரு தடவை மருந்து கொடுக்கப் போனபோது படிப்புக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டி ஆட்டிக் கத்திப் பேசுகிறார்கள். பக்கத்து மேஜையில் என்ன பேசுகிறார்கள் என்பது ஒருவன் காதிலும் விழுவதாகத் தெரியவில்லை. அந்த வயதுப் பையன்கள் ஒரு பழைய புத்தகத்துக்காக அப்படி மல்லுக்கட்டுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை படிப்போடு இல்லை, விடுதியோடுதான்.

விடுதிக்கு அனுப்புகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கடைக்கு வருகிற ஒரு அம்மா, ஒன்பது பிள்ளை பெற்றவர், என்னிடம் சொன்ன நியாயம் இது: “வீட்டில் இவன் ஒன்பதில் நாலாவது. கைக்குழந்தை அழுதால் இவன் பேச்சு நின்றுபோகும். அங்கே ரப்பிக்கு இவன் பேர் தெரியும், இவன் கேட்கிற கேள்வி தெரியும். அப்பாவோடு தினம் நடக்கிற முட்டலும் மோதலும் அங்கே இல்லை. லீவுக்கு வந்தால் தம்பி தங்கைகளோடு ராஜா மாதிரி இருக்கிறான்.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 14 வயதுப் பையனும் 45 வயது அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் வீட்டில் கதவு எப்படிச் சாத்தப்படும் என்று பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். உள்ளூர் யெஷிவாவில் படிக்கிறவனும் வீட்டில் பெரும்பாலும் தூங்க மட்டும்தான் செய்கிறான். காலை ஏழு மணிக்குப் போய் இரவு பத்து மணிக்கு வருகிறவனுக்கு வீடு இருந்து என்ன, இல்லாமல் என்ன என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த வழக்கு புதியதும் இல்லை. தல்மூதிலேயே, பாவா பத்ரா என்கிற பகுதியில், பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் முதலாளிதான்; சொல்லிவிட்டு, “இதை உன் கட்சிக்கு இழுத்துக்கொள்ளாதே” என்றும் சொன்னார். இழுத்துக்கொள்கிறேன். ஆதியில் மகனுக்குக் கற்பிப்பது அப்பாவின் வேலை. அப்பா இல்லாத பிள்ளை படிக்காமலேயே போனான். எனவே ஜெருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அப்போதும் அப்பா இருக்கிறவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு ஜெருசலேம் போய்ச் சேர்ந்தான். அநாதைக்கு யார் துணை? சரி என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஆசிரியரை வைத்து, 16, 17 வயதில் பையன்களைச் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையன் என்ன செய்வான்? ஆசிரியர் கோபித்துக்கொண்டால் எதிர்த்துக்கொண்டு கிளம்பிப் போனான். கடைசியில் யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர், ஊருக்கு ஊர் ஆசிரியர், ஆறு ஏழு வயதில் சேர்க்கை என்று விதித்தார். அதன் பிறகு, நாலாம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த ராவா என்ற அறிஞர் ஒருபடி மேலே போகிறார்: படிப்புக்காகக் குழந்தையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரே ஊருக்குள் தொழுகைக்கூடம் மாற்றலாம். நடுவே ஆறு குறுக்கிட்டால் அதுவும் கூடாது. பாலம் இருந்தால் சரி. வெறும் பலகை போட்டிருந்தால் கூடாது!

பலகைப் பாலம் வரை யோசித்த மனுஷர்களின் வாரிசுகள் நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

முதலாளியின் பதில் என்னவென்றால், அது சின்னக் குழந்தைகளுக்குச் சொன்னது, பருவப் பையன்களுக்கு இல்லை. வாஸ்தவம். அவர் பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது: தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவில் ரப்பி நெஹோராய் என்பவர், தோரா என்கிற மறைக்கல்வி இருக்கும் இடத்தைத் தேடி நீ போக வேண்டும், அது உன்னைத் தேடி வரும் என்று உட்கார்ந்திருக்காதே என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். விடுதிக்காரர்களின் மூலமந்திரம் இதுதான். ஆனால் அவர் வயது எதையும் சொல்லவில்லை. தோரா இல்லாத ஊரில் இருப்பவனுக்குச் சொன்ன வார்த்தை அது. தெருவுக்குத் தெரு யெஷிவா இருக்கிற லேக்வுட்டிலிருந்து ஒரு பையன் தோராவைத் தேடி எங்கே போகிறான்?

உண்மையிலேயே தேடிப் போன காலம் ஒன்று இருந்தது. பழைய போலந்திலும் லித்துவேனியாவிலும் ஏழைப் பையன்கள் ஊர் ஊராகப் போய்த் தொழுகைக்கூடத்துப் பெஞ்சில் படுத்துப் படிப்பார்கள். சாப்பாடு? ஞாயிறு ஒரு வீட்டில், திங்கள் ஒரு வீட்டில். நம்மூரில் வாரச் சாப்பாடு என்பார்களே, அச்சு அசல் அதுதான். செவ்வாய்க்கிழமைக்கு வீடு கிடைக்காதவனுக்குச் செவ்வாய்க்கிழமை பட்டினி. 1803இல் இன்றைய பெலாரூஸில் உள்ள வொலோஜினில் ரப்பி ஹாயிம் ஒரு யெஷிவாவைத் தொடங்கியபோது முதலில் ஒழிக்க நினைத்தது இந்தக் கையேந்தலைத்தான். தூதர்களை ஊர் ஊராக அனுப்பி நிதி திரட்டி, மாணவர்களுக்குப் படிகொடுத்து, ஊருக்குள் கௌரவமாக வாடகை அறையில் இருக்க வைத்தார். அடுத்து வந்த யெஷிவாக்கள் எல்லாவற்றுக்கும் வொலோஜின்தான் தாய்வீடு. 1890இல் அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பையனின் பெயர் ஹாயிம் நஹ்மான் பியாலிக். பின்னாளில் எபிரேய மொழியின் பெருங்கவி. அப்பாவை இழந்து தாத்தா வீட்டில் வளர்ந்தவர். அவர் போனபோது வயது 17. வொலோஜினுக்குப் போனவர்களில் கல்யாணம் ஆனவர்களும் உண்டு. ரஷ்ய அரசு 1892இல் அதை மூடிவிட்டது.

அப்புறம் வந்தது ஹிட்லரின் காலம். லித்துவேனியாவின் டெல்ஸ் யெஷிவாவைச் சேர்ந்த ரப்பி எலியா மெயிர் ப்ளாக்கும் ரப்பி ஹாயிம் மொர்தஹாய் காட்ஸும் அமெரிக்காவுக்கு வந்திருந்த நேரத்தில், ஊரில் அவர்களுடைய குடும்பங்களையே கொன்று தீர்த்தார்கள். அவர்கள் 1941இல் கிளீவ்லாண்டில் யெஷிவாவை மறுபடி தொடங்கினார்கள். மிர் யெஷிவாவின் மாணவர்கள் ஜப்பான் வழியாக ஷாங்காய் போய் உயிர் தப்பினார்கள். 1943இல் ரப்பி ஆரோன் கோட்லர் நியூயார்க்கின் சந்தடி வேண்டாம் என்று, ஒதுங்கிக் கிடந்த இந்த லேக்வுட்டில் ஒரு சில மாணவர்களோடு பெய்த் மெத்ராஷ் கவோஹா என்ற யெஷிவாவைத் தொடங்கினார். அப்பா அம்மா, வீடு, தெரு, ஊர் எல்லாம் சாம்பலாகிப் போனவர்களுக்கு யெஷிவாதான் வீடு. விடுதி என்கிற ஏற்பாட்டைச் சுற்றி இவர்கள் மத்தியில் இருக்கிற பக்தி அங்கிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பேசுவது அநியாயம்.

ஆனால் அந்த லேக்வுட் இப்போது இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கில் 92,843 பேர். 2020இல் 1,35,158 பேர். சந்தடிக்குப் பயந்து ஒதுங்கிய இடத்தில் இன்று ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையில் நின்று நின்றுதான் வண்டி நகர்கிறது. பையனுக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், தாத்தாவும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அந்த அப்பாவே பல வருஷம் தல்மூத் படித்தவர். அநாதைகளுக்காகவும் குக்கிராமத்துப் பையன்களுக்காகவும் உண்டான ஏற்பாடு, இன்று பட்டம் பெற்ற அறிஞரின் மகனுக்குக் கௌரவச் சின்னம் ஆகிவிட்டது. வெளியூரில் பேர் பெற்ற யெஷிவாவில் இடம் கிடைத்தால் பையன் கெட்டிக்காரன். உள்ளூரில் நின்றுவிட்டால், என்ன குறையோ என்று நாலு பேர் கேட்பார்கள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. வியாழன் இரவு லேக்வுட் தூங்காது. ஷப்பாத் என்கிற சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு என்று பீன்ஸும் பார்லியும் இறைச்சியும் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிற சோலன்ட்டை அன்றைக்கே ருசிபார்க்கப் பையன்கள் கடை கடையாக நிற்பார்கள். அன்று எங்கள் கடைக்கு வந்த விடுதிப் பையன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி. விடுதியில் ஒருவனுக்கு வந்தால் அறையில் உள்ள எல்லோருக்கும் வரும். அந்த வாரம் அதே விடுதியிலிருந்து வந்த பையன்களில் இவனும் ஒருவன். தொப்பியோடு பார்த்தால் பெரிய மனுஷன். கூட வந்த நண்பன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கவுண்டர் மேல் சாய்ந்து மெல்லக் கேட்டான்: மாத்திரை முழுங்க வராது, குழந்தைகளுக்குக் கொடுக்கிற ரோஸ் கலர் மருந்து கிடைக்குமா?

கிடைக்கும். மருத்துவரைக் கூப்பிட்டு அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூலைத் திரவ மருந்தாக மாற்றி வாங்கினேன். பவுடரில் தண்ணீர் அளந்து ஊற்றிக் குலுக்கினேன், பபுள்கம் வாசனை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்று கேட்டான். வைத்தால் நல்லது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. விடுதிக்கு ஃபிரிட்ஜ் ஒன்றுதான், எல்லோரும் திறப்பார்கள். இந்த மருந்து அலமாரியில் வைத்தாலும் கெடாது, பத்து நாளும் விடாமல் குடிக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்று சொன்னதும் மூச்சு வந்தது. வெளியே தெரியாத காகிதப் பையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சற்று நேரத்தில் டொரண்டோவிலிருந்து அவன் அம்மாவின் போன். எத்தனை மில்லி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டார். அதெல்லாம் சாக்கு. “பார்க்க எப்படி இருந்தான்? கோட்டு போட்டிருந்தானா?” போடவில்லை என்று சொன்னேன். பத்து நாளும் மருந்தைக் குடிக்கிறானா என்று யார் பார்ப்பார்கள் என்று நானும் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

இது ஒரு தொண்டை வலி. வாரம் ஒன்றில் ஆறிவிடும். ஆறாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கிறவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பையன் சாப்பாட்டைக் குறைக்கிறான். காலைத் தொழுகைக்கு எழுந்திருப்பதில்லை. இரவில் அழுகிறான். வீட்டில் என்றால் மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிடுவாள். விடுதியில் பார்க்க வேண்டியவர் மஷ்கியாக், ஒழுக்கத்துக்கும் ஆன்மிக வளர்ச்சிக்கும் பொறுப்பானவர். நல்ல மனுஷர்கள்தான், பையன்களுக்காக ராத்தூக்கம் கெடுகிற மஷ்கியாக்குகளை எனக்கே தெரியும். ஆனால் அவர் ஒருவர், பையன்கள் ஏராளம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இவன் எப்படிப்பட்டவன் என்று அடுத்த யெஷிவாவிலிருந்து போன் வந்தால் பதில் சொல்லப் போகிறவர் இதே மஷ்கியாக்தான். ஏழெட்டு வருஷம் கழித்து ஷிதுக் எனப்படும் கல்யாணச் சம்பந்தம் பேசும்போது, பெண் வீட்டார் விசாரிக்கப் போவதும் இவரிடத்தில்தான். அவரிடம் போய், எனக்கு இங்கே பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்?

வீடு என்பது மார்க் போடாத இடம். எல்லா வீடும் அப்படி என்று சொல்லவரவில்லை. இந்தச் சமூகத்தில் அப்பா அம்மாவுக்கும் கல்யாணச் சந்தையின் பயம் இருக்கிறது. மனநல மருந்துச் சீட்டை உள்ளூரில் கொடுக்காமல், தெரிந்தவர் கண்ணில் படாத ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் உண்டு என்பது எந்த மருந்தாளருக்கும் தெரியும். இருந்தாலும் மந்தமாக, எரிச்சலாக, எதிலும் பிடிப்பில்லாமல் ஒரு மாதம் கிடந்தாலும், குறிப்பேட்டில் ஏறாமல் மறக்கப்படுகிற ஒரே இடம் வீடுதான். 14 வயதில் அந்த ஒரு மாதம் எல்லோருக்கும் வரும். விடுதிப் பையனுக்கு அது வரக்கூடாது. வந்தால் வெள்ளிக்கிழமை மதியம்வரை தள்ளிப்போட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம்தான் வீட்டுக்குப் போன் பேசும் நேரம். ஸ்மார்ட்போன் தடை, மடக்குபோன் வைத்திருப்பவனிடம் வாங்கி, வரிசையில் நின்று, நல்ல ஷப்பாத் அம்மா, நன்றாக இருக்கிறேன், தம்பி எப்படி இருக்கிறான் என்று பேசிவிட்டு, பின்னால் நிற்கிறவனிடம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்?

பிரிட்டனில் உளவியல் சிகிச்சையாளர் ஜாய் ஷாவரியன் விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர்களின் மனப்பாடுகளைப் பற்றி 2015இல் ஒரு நூலே எழுதினார். அவர் பார்த்ததில் பலர் யெஷிவாப் பையன்களைவிடச் சின்ன வயதில் அனுப்பப்பட்டவர்கள், அதனால் அதை அப்படியே இங்கே ஒட்டவைக்க மாட்டேன். பாலியல் கொடுமை பற்றிய பேச்சிலும் நிதானம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷன் 2015இல் மெல்போர்ன், சிட்னி யெஷிவா நிறுவனங்களை விசாரித்தபோது பாதிக்கப்பட்டவர்களில் வீட்டிலிருந்து போய்வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியே சொன்ன குடும்பங்களைச் சமூகம் ஒதுக்கிய கதையும் அங்கே பதிவானது. ஆகவே வீட்டில் வைத்துக்கொண்டாலே பையன் பத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருகிற பையனின் முகத்தைத் தினம் ஒரு தடவையாவது ஒருத்தி பார்க்கிறாள் என்பது மட்டும்தான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

இதே வீடுகளில் பெண்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 1917இல் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரி தொடங்கிய பெய்ஸ் யாகோவ் பள்ளிகளின் வழித்தோன்றல்களில்தான் லேக்வுட் பெண்களும் படிக்கிறார்கள். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வருகிறார்கள். செமினரி என்று இஸ்ரேலுக்குப் போவதெல்லாம் பள்ளி முடிந்து, 18 வயது வாக்கில். தல்மூத் படிக்கும் கடமை பெண்ணுக்கு இல்லை, அதனால் ஒப்பிடக் கூடாது என்பார்கள். படிப்பை நான் ஒப்பிடவில்லை. பக்தி வளர வீட்டுச் சூழல் போதாது, அம்மா சமையலும் தம்பி சத்தமும் கவனத்தைச் சிதைக்கும், விடுதிக் காற்றுதான் பையனை உருவாக்கும் என்கிற வாதத்தைத்தான் கேட்கிறேன். அக்காளின் பக்திக்குப் போதுமான வீடு தம்பியின் பக்திக்கு எப்படிப் போதாமல் போகும்?

விதிவிலக்குகள் உண்டு. வீடே நரகமாக இருக்கிற பையனுக்கு விடுதி மறுபிறவி. அவனைத் தடுக்கிறவர்கள் பாவிகள். குடிக்கிற அப்பா, ஓயாத சண்டை, நோயில் கிடக்கிற அம்மா என்று இருக்கும்போது ஒரு நல்ல ரப்பி அந்தப் பையனுக்கு அப்பாவாகவே ஆகிவிடுவதையும் பார்க்கிறோம். மெசிவ்தாவே இல்லாத சிற்றூர்களில் நாலைந்து யூதக் குடும்பங்களோடு வாழ்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் நியாயமான கேள்வி. அவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்வேன். ஹாஃபெட்ஸ் ஹாயிம் என்று உலகம் கொண்டாடுகிற ரப்பி இஸ்ரேல் மெயிர் ககானுக்குப் பத்து வயது வாக்கில் அப்பா இறந்துபோனார். மகன் படிக்க வேண்டும் என்று அம்மா குடும்பத்தோடு வில்னாவுக்குக் குடிபெயர்ந்தார். எல்லோராலும் வீடு மாற்ற முடியாதுதான். ஆனால் பெரிய ஊரில் ஒரு சித்தி வீட்டிலோ, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்திலோ பையனைத் தங்கவைத்துப் படிக்கவைக்கலாம். இவர்களுக்குள் உறவுக்கா பஞ்சம்! விடுதிக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலே மகிழ்ச்சியாக வைத்துக்கொள்வார்கள்.

17, 18 ஆனபின் போகட்டும். ஜெருசலேமில் மிர் யெஷிவாவுக்குப் போகட்டும், இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட்டுக்குப் போகட்டும். அந்த வயதில் வீட்டைவிட்டுப் போவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்றே நினைக்கிறேன். அதற்கு முந்தைய மூன்று நாலு வருஷத்தைத்தான் கேட்கிறேன். கூடவே உள்ளூர் யெஷிவாக்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பையன் இரவு பத்து மணிக்கு வந்தால் வீடு இருந்து என்ன பயன் என்ற கேள்விக்கு என் பதில், அவனை ஆறரை மணிக்கு விடுங்கள் என்பதுதான். வீட்டில் சாப்பிடட்டும். இரவு வகுப்பை அப்பாவோடு உட்கார்ந்து படிக்கட்டும். மகனுக்குக் கற்பிக்கிற கடமையைத் தல்மூத் அப்பாவின் தலையில்தானே வைத்தது? குளிர்காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் தொழுகைக்கூடங்களில் அவோஸ் உபானிம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அப்பாவும் சின்னப் பிள்ளையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள்; முடிந்ததும் பீட்சா, குலுக்கல் பரிசு. ஏழு வயதில், பத்து வயதில் அப்படி மகனோடு உட்கார்ந்த அதே அப்பா, பையனுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிற வயதில் அவனை வேனில் ஏற்றிவிடுகிறார்.

ஒன்பது பிள்ளை பெற்ற அந்த அம்மாவின் அடுத்த மகன் இப்போது எட்டாம் வகுப்பு. குளிர்காலத்தில் ஃபர்ஹெர் எனப்படும் நுழைவுத் தேர்வு. ரப்பி எதிரே உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஊர் யெஷிவாக்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், மூன்றும் வெளியூர். நான் சொல்லி அவர் மனசு மாறப்போவதில்லை. சரி, அனுப்புவது என்று ஆகிவிட்டால் யெஷிவாவிடம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இரவில் விடுதியில் படுக்கிற பெரியவர் யார், அவர் பையன்களுக்கு மார்க் போடுகிறவரா? எந்த நாளிலும் வீட்டுக்குப் போன் பேசலாமா? நடுப்பருவத்தில் பையன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால், அவனைப் பற்றி யாராவது விசாரிக்கும்போது என்ன சொல்வீர்கள்?

அடுத்த வாரம் ஈறு வீக்கத்துக்கு மருந்து வாங்க வந்தவர், முதல் இரண்டையும் கணவர் கேட்டுவிட்டார் என்றார். பதில்கள் பரவாயில்லை. மூன்றாவதைக் கேட்க அவருக்குத் தயக்கமாம். சேருவதற்கு முன்பே அப்படிக் கேட்டால், பையனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது போலிருக்கிறது என்று அவர்கள் குறித்துவைத்துக்கொள்வார்களாம்.